லெம்மியின் மார்ஷல் 1992லெம்: குமிழைப் பார்த்துக் காப்பியடித்தால் அந்தச் சத்தம் வராது

மோட்டர்ஹெட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் லெம்மி கில்மிஸ்டர் பெயரில் மார்ஷல் நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 100 வாட் வால்வு ஹெட்தான் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி) 1992லெம். மேடையில் ‘மர்டர் ஒன்’ என்று பெயர் வைத்து அவர் வாசித்த 1976-ஆம் வருடத்து ஜேஎம்பி சூப்பர் பேஸ் ஹெட்டை வைத்துச் செய்த நகல். இப்போது உற்பத்தியில் இல்லை. கிடைப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட் சரக்கு. லெம்மி போன பிறகு, உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கான விலையோடு பெயருக்கான விலையும் சேர்ந்துகொண்டது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆம்ப் அருமை. ஆனால் வாங்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால் பாதிச் செலவில் வேறு வழி உண்டு. புரியாவிட்டால் இதே பெட்டியை வாங்கி வைத்தாலும் வராது.

பெயர்க் குழப்பம் ஒன்று. 1992 என்பது வருடம் இல்லை, மார்ஷலின் மாடல் எண். அதே மாதிரி 1959 என்றால் சூப்பர் லீட், கிட்டாருக்கான 100 வாட் ஹெட். இரண்டுமே அறுபதுகளில் வந்தவை. இணையத்தில் ‘1992 மார்ஷல்’ என்று தேடி, 1992-ஆம் வருடம் செய்த ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பைத் தலையில் கட்டிக்கொண்டவர்கள் உண்டு.

லெம்மி 2015 டிசம்பர் 28-ல், எழுபது வயது நிறைந்த நாலாம் நாள், லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அதற்குப் பிறகு நினைவுச் சின்னங்களுக்குக் குறைவில்லை. அவர் தினமும் போய் உட்கார்ந்த சன்செட் சாலை ரெயின்போ பாரில் 2016-ல் சிலை வந்தது. பிறந்த ஊரான இங்கிலாந்தின் பர்ஸ்லமில் 2025-ல் இன்னொரு சிலை. ஆதிகால முதலை இன ஜந்து ஒன்றுக்கு ‘லெம்மிசூகஸ்’ என்று 2017-ல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். தன்னை ஹெவி மெட்டல் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ராக் அண்ட் ரோல் வாசிக்கிறோம் என்பார். மெட்டல் வாசிக்கிறவர்கள் அதைக் கேட்கத் தயாராக இல்லை என்பது வேறு விஷயம். சிலைகள் இருக்கட்டும். ஒரு பேஸ் கலைஞர் விட்டுப்போனது அவருடைய சத்தம். இந்தப் பெட்டி அதைத் தருகிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

பூஜ்யம், பத்து, பூஜ்யம்

லெம்மியின் ஆம்ப் அமைப்பு ரகசியமே இல்லை. பிரசன்ஸ் (மேல்சுருதியைத் தூக்கும் குமிழ்) மூன்று மணிக்கு, அதாவது கடிகாரத்தில் மூன்று இருக்கும் திசையில். பேஸ் பூஜ்யம். மிட் முழுசாகப் பத்து. டிரெபிள் பூஜ்யம். வால்யூம் மூன்று மணிக்கு. பல வருடமாக எல்லா இசைப் பத்திரிகையிலும் வந்த விவரம் இது.

இதைப் படிக்கிறவர் உடனே எடுக்கும் முடிவு: ‘ஓஹோ, கீழ்ச்சுருதியையும் மேல்சுருதியையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் ஏற்றியிருக்கிறார்.’ அப்படியே தன் டிரான்சிஸ்டர் பேஸ் ஆம்பில் பேஸையும் டிரெபிளையும் இடப்பக்கம் முழுக்கத் திருகி, மிட்டை வலப்பக்கம் முழுக்க ஏற்றுகிறார். வருவது தகரக் கூரையில் கல் விழுந்த சத்தம். பிறகு, லெம்மியின் கையில்தான் ஏதோ மந்திரம் இருக்கிறது என்று முடிவுகட்டிக் குமிழ்களைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடுகிறார்.

தப்பு கையில் இல்லை, டோன் சர்க்யூட்டில். மார்ஷலின் டோன் பகுதி ஐம்பதுகளின் கடைசியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேனிலிருந்து எடுத்தது. அதில் டிரான்சிஸ்டரும் இல்லை, ஏற்றிக்கொடுக்கும் எந்தப் பாகமும் இல்லை. ரெசிஸ்டரும் கண்டென்சரும் மட்டும்தான். அது எதையும் கூட்டாது, குறைக்க மட்டுமே செய்யும். அதோடு மூன்று குமிழும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. ஒன்றைத் திருப்பினால் மற்ற இரண்டின் வேலையும் மாறும்.

அந்த சர்க்யூட்டில் எல்லாவற்றையும் நடுவில், அதாவது ஐந்தில் வைத்தால் சமமான சத்தம் வராது. 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நல்ல பள்ளம் விழும். பலர் ‘மார்ஷல் சத்தம்’ என்று நினைப்பதே இந்தப் பள்ளத்தைத்தான்.

பேஸையும் டிரெபிளையும் பூஜ்யமாக்கி மிட்டைப் பத்தில் வைத்தால் என்ன நடக்கிறது? பேஸ் குமிழ் பூஜ்யத்தில் இருக்கும்போது 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டும் பக்கவாட்டில் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. சிக்னல் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வந்து, 25 கிலோ ஓம் மிட் குமிழில் இறங்குகிறது. மொத்தத்தில் இது வெறும் இரண்டு ரெசிஸ்டர் வைத்த பங்கீடு. கணக்குப் போட்டால் சுமார் 10 டெசிபெல் இழப்பு. அதுவும் மேலிருந்து கீழ் வரை ஏறக்குறைய ஒரே அளவில். கீழே 45 ஹெர்ட்ஸ் அருகில்தான் சரிய ஆரம்பிக்கிறது. அடிக்கம்பியின் 41 ஹெர்ட்ஸ்கூட மற்றதைவிடச் சுமார் 3 டெசிபெல் மட்டுமே அதிகமாக இழக்கிறது. டிரெபிள் பக்கத்து 250 பிகோஃபாரட் கண்டென்சர் வழியாக மேல்சுருதியில் ஓரிரு டெசிபெல் கசிவு உண்டு, அவ்வளவே.

ஆக, லெம்மி நடுவை ஏற்றவில்லை. டோன் பகுதியையே ஆட்டத்திலிருந்து விலக்கிவிட்டார். பேஸ் கிட்டாரிலிருந்து என்ன வந்ததோ அதுவே, கொஞ்சம் வலுக் குறைந்து, அப்படியே பவர் பகுதிக்குப் போகிறது.

இதிலிருந்து நேராகக் கிடைக்கும் பலன்: பேக்ஸண்டால் ரகம் (நடுவில் வைத்தால் எதையும் மாற்றாத டோன் சர்க்யூட்) அல்லது கிராஃபிக் ஈக்வலைசர் வைத்த இன்றைய பேஸ் ஆம்பில் லெம்மியின் அமைப்பு என்பது எல்லாக் குமிழும் நடுவில். பூஜ்யம், பத்து, பூஜ்யம் என்பது மார்ஷல், பழைய ஃபெண்டர், அந்த வம்சத்தில் வந்த வால்வு ஆம்புகள், அவற்றை நேர்மையாக நகலெடுத்த மென்பொருள் ஆகியவற்றுக்கு மட்டுமே.

1992லெம்மில் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பேஸும் டிரெபிளும் பூஜ்யத்தில் இருக்க, மிட்டை மெதுவாகக் குறையுங்கள். நடுப்பகுதி மட்டும் குறைந்து மேலும் கீழும் நிற்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடப்பது வேறு: மேல்சுருதி எல்லாம் மங்கி, 150 ஹெர்ட்ஸ் பக்கம் தடித்த முணுமுணுப்பு மிஞ்சும். ஆம்பில் கோளாறு என்று இதைக் கடைக்குத் தூக்கிப்போக வேண்டாம். சர்க்யூட்டின் இயல்பே அதுதான்.

மேல்சுருதி எங்கிருந்து வருகிறது

டிரெபிள் பூஜ்யத்தில் இருந்தும் லெம்மியின் சத்தத்தில் கம்பியின் உரசலும் பிக்கின் சுரண்டலும் தெளிவாகக் கேட்கும். அது பிரசன்ஸின் வேலை. பிரசன்ஸ் டோன் பகுதியில் இல்லை, பவர் பகுதியில் இருக்கிறது. ஸ்பீக்கர் முனையிலிருந்து பின்னால் திரும்பி வரும் எதிர்ச் சிக்னலில் மேல்சுருதியை மட்டும் தரைக்கு இறக்கிவிடுகிறது; எதிர்ப்புக் குறைந்ததால் மேல்சுருதி தூக்கலாகிறது. மூன்று மணிக்கு வைத்தால் கணிசமாகவே தூக்கும். ஆனால் பவர் வால்வுகள் தாங்கும் எல்லையைத் தாண்டி முழுசாகக் கிளிப் ஆகிவிட்டால் அந்த எதிர்ச் சிக்னலால் எதையும் சரிசெய்ய முடியாது. அப்போது பிரசன்ஸைத் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. குறைந்த வால்யூமில் பிரசன்ஸ் காதைக் குத்துகிறது, கூட்டினால் சரியாகிவிடுகிறது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான்.

டிஸ்டார்ஷன் விஷயத்திலும் இதே கதை. இந்த ஹெட்டில் மாஸ்டர் வால்யூம் கிடையாது. முன்பகுதியில் இசிசி83 வால்வு மூன்று, பின்பகுதியில் இஎல்34 பவர் வால்வு நான்கு. டோன் பகுதி 10 டெசிபெல் தின்றுவிடுவதால் வால்யூமை மூன்று மணி வரை ஏற்றினால்தான் பின்னால் இருக்கும் ஃபேஸ் பிரிப்பானும் (பவர் வால்வுகளுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பவர் வால்வும் ‘உடையும்’, அதாவது சிக்னல் சிதைந்து கரகரக்கும். முன்பகுதி வால்வை மட்டும் உடைத்தால் வரும் கரகரப்பு வேறு. அது தேனீக்கூட்டு இரைச்சல் மாதிரி மெல்லியது. லெம்மியின் சத்தத்தில் இருக்கும் அந்த அழுத்தமான உறுமல் இஎல்34-ஐ வருத்தி எடுத்தால் மட்டுமே வரும். 100 வாட் இஎல்34-ஐ வருத்தினால் வரும் சத்தத்தின் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குடியிருப்பில் இது சாத்தியமே இல்லை. சின்ன அரங்கில்கூடச் சவுண்ட் என்ஜினீயர் முதலில் வந்து நிற்பது உங்கள் பக்கம்தான்.

கிட்டாரும் கையும்

லெம்மிக்கு ரிக்கன்பேக்கர். ஆரம்பத்தில் 4001; பின்னாளில் தன் ரிக்கன்பேக்கரில் கிப்ஸன் தண்டர்பேர்ட் பிக்கப் மாட்டி வாசித்ததும் உண்டு. பிற்காலத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனமே 4004எல்கே என்று ஓக் இலைச் செதுக்கலோடு, மூன்று பிக்கப் வைத்து அவர் பெயரில் குறைந்த எண்ணிக்கையில் செய்தது. அது இன்று சேகரிப்பாளர் அலமாரிச் சரக்கு. அதைத் துரத்துவதில் இசை சார்ந்த லாபம் எதுவும் இல்லை.

பழைய 4001 வாங்குகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்ஜ் பிக்கப்போடு தொடராக 0.0047 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே வைத்திருப்பார்கள். அது அந்தப் பிக்கப்பின் கீழ்ச்சுருதியை வெட்டிவிடும். நெக் பிக்கப்போடு சேர்த்து வாசித்தால் பளிச்சென்று அழகாக இருக்கும். ஆனால் வால்வைத் தள்ளுவதற்கான வலு வராது. லெம்மி பாணிக்கு அந்தக் கண்டென்சரைத் தாண்டி ஒரு கம்பி பற்றவைத்தால் போதும். கழற்றி எறிந்துவிடாதீர்கள், பின்னால் விற்கும்போது அசல் பாகத்தைக் கேட்பார்கள். ரிக்கன்பேக்கரே வேண்டும் என்பதும் இல்லை. அகன்ற, வலுவான ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்த எந்த பேஸும் சரிப்படும். கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டும் முழுசாக இருக்கட்டும்.

இனி வாசிப்பு. லெம்மி பேஸ் பழகி வந்தவர் இல்லை, ரிதம் கிட்டார்காரர். ஹாக்விண்ட் குழுவில் எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தபோதுதான் பேஸைக் கையில் எடுத்தார். அதனால் பேஸிலும் கார்டுதான்: தடித்த பிக், கீழ்நோக்கிய அடி, இரண்டு மூன்று கம்பி சேர்ந்து ஒலிக்கும் பவர் கார்டு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிஸ்டார்ஷனில் இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தால் அவற்றின் வித்தியாசமும் தனி ஒலியாகப் பிறக்கும். அடிக்கம்பியைத் திறந்து விட்டு (41 ஹெர்ட்ஸ்), அதன் ஐந்தாம் சுரத்தை ஏ கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (62 ஹெர்ட்ஸ்) பிடித்தால் வித்தியாசம் 21 ஹெர்ட்ஸ். காதுக்கு அது சுரமாகக் கேட்காது. ஸ்பீக்கர் கூம்பை வீணாக ஆட்டிச் சேறாக்கும். அதே கார்டை மேலே கொண்டுபோங்கள். டி கம்பியின் ஏழாம் ஃப்ரெட் 110 ஹெர்ட்ஸ், ஜி கம்பியின் ஒன்பதாம் ஃப்ரெட் 165 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 55. அது மூலசுரத்துக்குச் சரியாக ஓர் ஆக்டேவ் கீழே இருக்கும் அதே சுரம். வாசிக்காத அடிச்சுரத்தை ஆம்பே சேர்த்துக் கொடுக்கிறது! உயரத்தில் கார்டு பிடித்தும் லெம்மியின் சத்தம் மெலியாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே: கார்டுகள் டி, ஜி என்ற இரண்டு மெல்லிய கம்பியில், ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல். கீழே இறங்கினால் ஒற்றைச் சுரம் மட்டும்.

கேட்டுப் புரிந்துகொள்ள 1979-ஆம் வருட ‘ஓவர்கில்’ ஆல்பத்தில் ‘ஸ்டே கிளீன்’ பாடலின் இடையில் வரும் பேஸ் தனி வாசிப்பு போதும். பிக்கின் அடி, வால்வின் உறுமல் இரண்டும் தனித்தனியாகக் காதில் விழும்.

கேபினெட்டும் ஓமும்

லெம்மியின் மேடையில் 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்த கேபினெட்டும் 15 அங்குல ஸ்பீக்கர் நான்கு வைத்த கேபினெட்டும் சேர்ந்து நிற்கும். உரசலும் கடியும் 12-ல், உடம்பு 15-ல். நான்கு 15 என்பது ஒருவரால் தூக்கக்கூடிய சமாச்சாரம் இல்லை. ஒரே கேபினெட்தான் முடியும் என்றால் 12-ஐ எடுங்கள், 15-ஐ விடுங்கள். பாடலுக்குள் கேட்கும் லெம்மி பெரும்பாலும் 12 அங்குலத்திலிருந்துதான் வருகிறார்.

ஸ்பீக்கரின் வாட் அளவு முக்கியம். பழைய மார்ஷல் கிட்டார் கேபினெட்டில் 25 வாட் ஸ்பீக்கர் நான்கு இருக்கும். கூட்டினால் 100, ஹெட்டும் 100, சரியாக இருக்கிறதே என்று தோன்றும். 100 வாட் என்பது சிக்னல் உடையாத நிலையில் அளந்தது. மூன்று மணியில் வால்வு உடையும்போது வெளியே வருவது அதைவிட நிறையவே கூடும். அதோடு பேஸின் கீழ்ச்சுருதி கூம்பை அதிக தூரம் தள்ளும். 25 வாட் ஸ்பீக்கரின் சுருள் எரிய ரொம்ப நேரம் ஆகாது. மொத்தம் 240 வாட்டுக்குக் குறையாத கேபினெட்டாக இருக்கட்டும்.

ஓம் கணக்கில் சந்தேகத்துக்கு இடமே வைக்கக் கூடாது. 16 ஓம் கேபினெட் ஒன்று என்றால் ஹெட்டின் பின்னால் உள்ள ஓம் தேர்வி 16-ல். 16 ஓம் இரண்டு என்றால் 8-ல். 8 ஓம் இரண்டு என்றால் 4-ல். தவறிப்போனாலும் எந்தத் திசையில் தவறுகிறோம் என்பது முக்கியம். தேர்வி சொல்வதைவிடக் கேபினெட்டின் ஓம் அதிகமாக இருந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றில் மின்னழுத்தம் எகிறும். வால்வின் ஸ்கிரீனும் டிரான்ஸ்ஃபார்மரின் காப்பும் பாதிக்கப்படும். ஸ்பீக்கரே இணைக்காமல் ஓட்டுவது அதன் உச்சம். வால்வு சாக்கெட்டில் தீப்பொறி பாய்ந்து கருகிய தடத்தைப் பழைய மார்ஷல்களில் பார்க்கலாம். ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிள் போடுவதும் இதே வினைதான். பார்க்க ஒரே ஜாக், ஆனால் உள்ளே இருப்பது மெல்லிய கம்பி. சூடேறி அறுந்தால் லோடு போய்விடும். ஸ்பீக்கர் கேபிள் என்று தனியாக விற்பதையே வாங்குங்கள்.

வால்வும் பயாஸும்

நான்கு இஎல்34-ஐயும் ஒரே தொகுப்பாக, அளவு பொருந்தியதாக மாற்ற வேண்டும். ஒன்று மட்டும் போய்விட்டது என்று ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய மூன்றும் புதியதோடு ஒத்துப்போகாது. மாற்றியதும் பயாஸ் (ஓய்வு நிலையில் வால்வில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) சரிபார்ப்பது கட்டாயம். இஎல்34-இன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட். ஓய்வு நிலையில் அதில் 70 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைப்பது வழக்கம், அதாவது 17.5 வாட். பிளேட்டில் 470 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு 37 மில்லிஆம்பியர். கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்து அளக்கிறவர் ஒரு மில்லிவோல்ட்டை ஒரு மில்லிஆம்பியர் என்று எடுத்துக்கொள்ளலாம்; அதில் ஸ்கிரீன் மின்னோட்டமும் சேர்ந்திருக்கும் என்பதால் கொஞ்சம் கூடத்தான் காட்டும். லெம்மி மாதிரி நாள் முழுக்க மூன்று மணியில் ஓட்டுகிறவருக்கு 70-க்கும் கீழே, 60 பக்கம் வைப்பது நல்லது. சத்தத்தில் பெரிய நஷ்டம் இல்லை, வால்வின் ஆயுள் கூடும்.

பத்து நிமிடம் ஓடியதும் விளக்கை அணைத்துவிட்டு வால்வைப் பாருங்கள். இழை ஆரஞ்சாக ஒளிர்வது சரி. சாம்பல் நிறப் பிளேட் சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். பயாஸ் மின்னழுத்தம் போயிருக்கும், அல்லது ஃபேஸ் பிரிப்பானிலிருந்து வரும் கண்டென்சர் கசிந்திருக்கும். எச்.டி. (உயர் மின்னழுத்த) ஃபியூஸ் 1 ஆம்பியர். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போட்டு விற்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஹெட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், அடுத்து எரியப்போவது டிரான்ஸ்ஃபார்மர்.

உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். வால்வு ஆம்பைத் திறந்து பழக்கம் இல்லாதவர் இந்தப் பத்தியைத் தன் டெக்னீஷியனிடம் காட்டினால் போதும்.

லெம் வேண்டுமா, பழைய சூப்பர் பேஸ் போதுமா

சத்தத்தைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் இருக்கும் எழுபதுகளின் சூப்பர் பேஸுக்கும் 1992லெம்முக்கும் இடையே, குழுவோடு வாசிக்கும்போது கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் இல்லை. லெம் தரும் உண்மையான அனுகூலம் வயது: கண்டென்சர்கள் முப்பது வருடம் இளையவை. ஐம்பது வயதான ஜேஎம்பியை வாங்கினால் ஃபில்டர் கண்டென்சர், பயாஸ் கண்டென்சர், ஸ்கிரீன் ரெசிஸ்டர், தளர்ந்துபோன ஓம் தேர்வி என்று ஒரு சுற்றுச் செலவு காத்திருக்கும். அதைச் சேர்த்தாலும் பெரும்பாலும் லெம்மைவிட மலிவாகவே முடியும்.

ஆனால் பழைய சூப்பர் பேஸில் ஒரு பொறி இருக்கிறது. கிட்டார்காரர்கள் அதை மலிவாக வாங்கிச் சூப்பர் லீடாக மாற்றிவிடுவது பல வருடப் பழக்கம். முன்பலகையில் சூப்பர் பேஸ் என்றே இருக்கும், உள்ளே லீட். விற்கிறவரிடம் சர்க்யூட் போர்டின் படத்தைக் கேளுங்கள். டோன் பகுதியில் 56 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 33 கிலோ ஓம், 250 பிகோஃபாரட் இடத்தில் 500, முதல் வால்வின் ஒரு கேத்தோடில் 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோஃபாரட்டும் தெரிந்தால் மாற்றியிருக்கிறார்கள். அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 33 கிலோ ஓம் இருந்தாலும் பூஜ்யம், பத்து, பூஜ்யத்தில் சமமாகவே ஒலிக்கும். இழப்பு 10-க்குப் பதில் 7 டெசிபெல், கீழே சரிவு 60 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கும். முதல் கேத்தோடை 820 ஓம், 250 மைக்ரோஃபாரட் என்று பழையபடி ஆக்கினால்தான் அடிக்கம்பிக்கு உடம்பு வரும். டெக்னீஷியனுக்கு அரைமணி வேலை. விலை பேச இது நல்ல பிடி.

அமெரிக்காவிலிருந்து வரும் எழுபதுகளின் மத்தியச் சரக்கில் இன்னொரு விஷயம்: அந்த நாட்டுக்கு அனுப்பியவற்றில் பலவற்றுக்கு இஎல்34-க்குப் பதில் 6550 என்ற வால்வைப் போட்டார்கள். அது உடையாமல் நிமிர்ந்து நிற்கும் வால்வு. பேஸுக்கு நல்லதுதான், லெம்மிக்கு இல்லை. இஎல்34-க்கு மாற்றும்போது பயாஸ் பகுதியில் ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டிவரும், வெறுமனே பிடுங்கி மாட்டக் கூடாது. மின்னழுத்தத் தேர்வி 120-ல் இருக்கிறதா என்பதையும் நம் ஊர் 230 வோல்ட்டில் செருகும் முன் பார்க்க வேண்டும். இங்கிலாந்துச் சரக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டர்ஹெட் பெரும்பாலான காலம் ஒரே கிட்டார் வைத்த மூவர் குழு. நடுவில் காலியாக இருந்த ரிதம் கிட்டாரின் இடத்தை பேஸ் நிரப்பியது; அடித்தளத்தைக் கிக் டிரம் தாங்கியது. இரண்டு கிட்டார் இருக்கும் குழுவில் இதே சத்தத்தை வைத்தால் மூன்று பேரும் ஒரே அலைவரிசையில் முட்டிக்கொள்வார்கள். ஒலிப்பதிவில் பேஸ் காணாமலே போகும். ஆத்திரத்தில் வால்யூமைக் கூட்டினால் கிட்டார் காணாமல் போகும். அப்படிப்பட்ட குழுவில் சிக்னலை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சுத்தமாக மிக்ஸிங் பலகைக்கு அனுப்பி, மற்றதை மட்டும் மார்ஷலில் விடுவது ஒரு வழி. சுத்தமான பாதையில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டும் சண்டை போடாது. ஆனால் அது லெம்மியின் சத்தம் இல்லை, அதற்குப் பக்கத்து வீடு.

வீட்டில் வாசிக்கிறவருக்கு ஹெட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டென்யூவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் வலுவைக் குறைக்கும் கருவி) என்பது ஒரு தீர்வு. 100 வாட் என்று எழுதியதை வாங்காதீர்கள், இரட்டிப்புத் தாங்குவதை வாங்குங்கள். ஓம் பொருத்தம் அங்கேயும் அதே கண்டிப்புடன். எட்டு, பத்து டெசிபெல் வரை குறைத்தால் சத்தம் மாறாது. அதற்கு மேல் குறைத்தால் ஸ்பீக்கரின் பங்கு போய்விடும், கரகரப்பு மட்டும் மிஞ்சும். அந்த அளவுக்குக் குறைக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு ஆம்பை நகலெடுத்த மென்பொருள்தான் உசிதம். சூப்பர் பேஸ் மாடல் இல்லாவிட்டால் 1959 மாடலைத் தேர்ந்தெடுத்து, மாஸ்டர் என்று ஏதாவது இருந்தால் முழுசாகத் திறந்து, பூஜ்யம், பத்து, பூஜ்யம், பிரசன்ஸ் மூன்று மணி என்று வைத்து, 12 அங்குலம் நான்கு வைத்த கேபினெட்டின் பதிவோடு (அதன் ஒலிக் குணத்தைப் பிடித்து வைத்த கோப்பு) இணைத்துப் பாருங்கள். கேபினெட் பதிவு பேஸுக்கானதா கிட்டாருக்கானதா என்பதில் குழம்ப வேண்டாம். கிட்டார் கேபினெட்டின் கடி இதற்கு நன்றாகவே பொருந்தும். மிட்டைக் குறைக்கும்போது அந்தத் தடித்த முணுமுணுப்பு வருகிறதா என்று சோதியுங்கள். வராமல் சத்தம் அழகாக மெலிந்தால், அந்த மென்பொருள் டோன் பகுதியை உண்மையாக நகலெடுக்கவில்லை. அதில் எல்லாவற்றையும் நடுவில் வைத்து வாசியுங்கள்.